படமாளிகையில் வளர்ந்த ஆன்ம இசை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த மெம்பிஸ் நகரம் ஒரு காலத்தில் பருத்தி வாணிபத்தால் பெயர் பெற்றிருந்தது. பின்னாளில் அதன் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றவை இசைத்தட்டுகளே. 1960ஆம் ஆண்டு முதல் 1975 வரை, அந்நகரின் மெக்லெமோர் சாலையில் இருந்த ஒரு பழைய படமாளிகையில் பதிவான பாடல்கள், அவற்றைப் பதித்த நிறுவனம் நொடித்து, கட்டடமும் இடிக்கப்பட்ட பின்னரும் இன்றளவும் ஒலித்து வருகின்றன. பழம்பாடல் முதியோருக்கு இளமைக்கால நினைவைத் தருவதால் இனிக்கிறது என்று சொல்லிவிடுதல் எளிது. அப்பாடல்கள் வெளிவந்த காலத்தில் பிறந்தே இராத இளைஞரும் அவற்றை விரும்பிக் கேட்கின்றனரே! அதற்கு இவ்விடை போதாது.

'சோல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். இப்பெயர் பெற்ற இசைக்குத் தாய்வீடு கறுப்பின மக்களின் தேவாலயமாகும். அங்கே போதகர் ஓரடியை முழங்கி நிறுத்துவார்; சபையோர் அதற்கு விடை தருவர். ஒருவர் பாடியதையே மற்றவர் திருப்பிப் பாடுவது மட்டும் அன்று இது. அழைப்பும் மறுமொழியுமாக இரு தரப்பும் சேர்ந்து பாட்டை வளர்த்துச் செல்லும் முறை. அடிமைக் காலத்து வயல்வெளிப் பாடல்களிலும் இம்முறை காணப்படும். 1954ஆம் ஆண்டில் ரே சார்ல்ஸ் என்னும் பார்வையற்ற கலைஞர் ஒரு பக்திப் பாடலின் அமைப்பை எடுத்துக்கொண்டு, இறைவனைப் பாடிய இடத்தில் ஒரு பெண்ணைப் பாடினார். தேவாலயத்தார் பலர் அதனைத் தகாத செயலெனக் கண்டித்தனர். பக்திப் பாடற் குழுவொன்றில் புகழ்பெற்றிருந்த சாம் குக் 1957ல் காதற்பாட்டின் பக்கம் வந்தபோதும் அதே முணுமுணுப்பு எழுந்தது. ஆழ்வாரும் நாயன்மாரும் அகத்துறையின் காதல் மொழியைப் பக்திக்குக் கொண்டு சென்றனர் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். அங்கே நிகழ்ந்தது அதற்கு நேர்மாறான பயணம். பக்தியின் மொழி காதலுக்கு வந்தது. குரலில் இருந்த உருக்கம் மட்டும் மாறவில்லை.

மெம்பிஸ் கதை இசைவாணர் ஒருவரால் தொடங்கப்பட்டது எனக் கூறுதல் முற்றும் பொருந்தாது. ஜிம் ஸ்டூவர்ட் என்பவர் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிடில் வாசித்த வெள்ளையர். கறுப்பினத்தாரின் இசையை அவர் அதுவரை அதிகம் அறிந்தவரல்லர். அவர் தமக்கை எஸ்டெல் ஆக்ஸ்டன் முன்னாள் பள்ளியாசிரியை. தம்பிக்கு ஒலிப்பதிவுக் கருவி வாங்கித் தருவதற்காகத் தம் வீட்டையே அடமானம் வைத்தவர் அந்த அம்மையார். 1960ல் வாடகைக்கு எடுத்த படமாளிகையில், தின்பண்டம் விற்ற பகுதியை அவர் இசைத்தட்டுக் கடையாக்கினார். சுற்றுப்புறத்துக் கறுப்பின இளைஞர் அங்கே கூடுவர். புதிதாகப் பதித்த பாட்டை அவர்களுக்குப் போட்டுக் காட்டி, எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று அம்மையார் கேட்டறிவார். நிறுவனத்தின் உண்மையான பள்ளிக்கூடம் அந்தக் கடைதான் எனலாம். ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் என்னும் இரு பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1961ல் 'ஸ்டாக்ஸ்' என்று நிறுவனத்துக்குப் பெயரிட்டனர்.

ஒலிப்பதிவுக் கூடமோ நாற்காலிகளைப் பெயர்த்தெடுத்த படமாளிகைதான். திரையை நோக்கிச் சரிந்து செல்லும் தரையைச் சமன்செய்யப் பணமில்லாமையால் அப்படியே விட்டுவிட்டனர். தரை சரிவாகவும் கூரை உயர்ந்தும் இருந்தமையால் அக்கூடத்து ஒலிக்கு ஒரு தனிக் கனம் வாய்த்தது. தொடக்க ஆண்டுகளில் ஒரே தடத்தில் பதிவு நடந்தது. பாடுவோரும் வாசிப்போரும் ஒரே நேரத்தில், ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இசைக்க வேண்டும். ஒருவர் தவறினால் அனைவரும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அக்கூடத்தின் நிலையான வாத்தியக் குழுவுக்கு ஆர்கன் வாசித்தவர் புக்கர் டி. ஜோன்ஸ். 1960ல் பள்ளி மாணவராக இருந்தபோதே சாக்ஸபோன் வாசிக்க அழைத்துவரப்பட்டவர். 1962ல் வேறொருவருக்காகக் காத்திருந்த வேளையில் குழுவினர் பொழுதுபோக்காக வாசித்த 'கிரீன் ஆனியன்ஸ்' என்னும் வாத்திய இசை நாடெங்கும் பரவியது. அப்போது ஜோன்ஸுக்கு வயது 17. அந்தப் புகழுக்குப் பின்னரும் அவர் படிப்பைக் கைவிடவில்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தில் இசை பயின்று பட்டம் பெற்றார்; விடுமுறை நாட்களில் ஊர் திரும்பி ஒலிப்பதிவில் கலந்துகொண்டார். மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தக்க செய்தி இது.

சில ஆண்டுகளில் அக்குழு முழு வடிவம் பெற்றபோது, ஜோன்ஸும் டிரம் வாசித்த அல் ஜாக்சனும் கறுப்பினத்தார். கித்தார் வாசித்த ஸ்டீவ் கிராப்பரும் பாஸ் கித்தார் வாசித்த டொனால்ட் டன்னும் வெள்ளையர். உணவகத்தில் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண இவர்களுக்கு ஊர் இடந்தராத காலம் அது. கூடத்துக்குள்ளே ஒருவர் தாளத்துக்கு மற்றவர் காத்திருந்து வாசித்தனர். காத்திருத்தல் என்பது இங்கே வெறும் உவமையன்று. நான்கு அடி கொண்ட தாளத்தில் 2ஆம் அடியையும் 4ஆம் அடியையும் இம்மியளவு தாமதித்துத் தட்டும் வழக்கம் 1965 அளவில் அவர்களிடம் நிலைபெற்றது. டிரம்மும் கித்தாரும் ஒருங்கே அவ்வாறு பின்வாங்கி விழும்போது கேட்போர் உடல் தானே அசையும். பின்பாட்டுப் பாடுவோரை அவர்கள் அதிகம் வைத்துக்கொள்ளவில்லை. பாடகரின் அழைப்புக்கு ட்ரம்பெட்டும் சாக்ஸபோனுமே மறுமொழி கூறின. சபையோரின் இடத்தைக் குழல்கள் பெற்றன.

இம்முறையின் உச்சம் ஓட்டிஸ் ரெட்டிங். ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த இவர் 1962ல் ஒரு கித்தார் கலைஞருக்குக் காரோட்டியாக அங்கு வந்தார். அன்றைய பதிவு முடிந்து மிஞ்சிய சிறிது நேரத்தில் ஒரு பாட்டுப் பாட இடங்கேட்டார். அந்தச் சிறிது நேரம் ஸ்டாக்ஸ் வரலாற்றையே மாற்றிவிட்டது. குழல்கள் வாசிக்க வேண்டிய பகுதிகளையும் அவர் வாயாலேயே பாடிக் காட்டுவாராம். 1965ல் அவர் இயற்றிப் பாடிய 'ரெஸ்பெக்ட்', உழைத்து வீடு திரும்பும் ஆண்மகன் மதிப்பை வேண்டும் பாட்டு. 1967ல் அதனை அரீத்தா பிராங்க்ளின் பாடியபோது, மதிப்பைக் கேட்பவள் பெண் ஆனாள். வேண்டுகோள் உரிமைக் குரலாயிற்று. போதகரின் மகளாகிய அரீத்தா 1942ல் மெம்பிஸ் நகரில் பிறந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒருவர் படைத்த பாட்டில் இன்னொருவர் தம் வழக்கை வைத்துப் பேச இடமிருந்தது. இவ்விசையின் நீண்ட ஆயுளுக்கு இதனை முதற்காரணமாகக் கொள்ளலாம்.

1967 டிசம்பர் 10ஆம் நாள் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஏரியில் விமானம் விழுந்து ரெட்டிங் மாண்டார். வயது 26. 'பார்கேஸ்' என்னும் இளைஞர் குழுவினர் நால்வரும் அவருடன் இறந்தனர். அதே குழுவின் ட்ரம்பெட் கலைஞர் பென் காலி ஒருவரே உயிர் தப்பினார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் துறைமுக மேடையில் வேலையற்று அமர்ந்திருக்கும் ஒருவனைப் பற்றிய பாட்டொன்றை ரெட்டிங் பதிந்திருந்தார். அதன் முடிவில் சொல் இல்லை, சீழ்க்கை ஒலி மட்டுமே. கிராப்பர் துயரத்தோடு அமர்ந்து அலையோசையும் கடற்பறவை ஒலியும் சேர்த்து அதனை முடித்தார். 1968 மார்ச்சில் அப்பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. பாடியவர் இறந்தபின் அங்கு முதலிடம் பெற்ற முதற்பாட்டு அதுவே.

அடுத்த மாதம் 4ஆம் நாள், துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்க மெம்பிஸ் வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங், லோரெய்ன் விடுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரு நிறத்தாரையும் ஏற்ற அவ்விடுதி, ஸ்டாக்ஸ் கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து பாட்டுக்கட்டிய இடமாகும். தம் நெஞ்சில் நிறைந்த கசப்பினால் ஓராண்டளவு எதையும் படைக்க இயலவில்லை என்று பாடலாசிரியர் ஐசக் ஹேஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். கூடத்துக்குள் நிலவிய ஒற்றுமையைச் சிலர் மிகைப்படுத்தி எழுதுவதுண்டு. உடைமை வெள்ளையர் கையில் இருந்தது என்பதையும், வெளியுலகச் சுவர் கூடத்துக்குள்ளும் நிழல் வீசியது என்பதையும் மறைத்தல் வரலாறாகாது.

அதே ஆண்டில் வேறோர் அடியும் விழுந்தது. ஸ்டாக்ஸ் இசைத்தட்டுகளை நாடெங்கும் விற்றுவந்த அட்லாண்டிக் நிறுவனம் 1967ல் கைமாறியது. தொடர்பை முறித்துக்கொள்ள முனைந்தபோது, 1965ல் முழுதும் படித்துப் பாராமல் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின்படி, அட்லாண்டிக் விற்ற பாடல்களின் மூலப்பதிவுகள் யாவும் அட்லாண்டிக்குக்கே உரியன என்பது ஸ்டூவர்ட்டுக்குத் தெரியவந்தது. ரெட்டிங் மறைந்தார், அவர் பாட்டும் தமதில்லை என்றாயிற்று. கறுப்பினத்தவரான அல் பெல் பொறுப்பேற்று, 1969ல் 27 இசைத்தட்டுத் தொகுதிகளை வெளியிட்டு நிறுவனத்தை மீண்டும் எழச் செய்தார். 1972ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு டாலர் கட்டணத்தில் நடத்திய விழாவுக்கு லட்சம் பேருக்கு மேல் திரண்டனர். ஆயினும் கடன் பெருகி 1975ல் எல்லாம் முடிந்தது.

படமாளிகைக் கட்டடம் பின்னர் ஒரு தேவாலயத்தாரின் கைக்குச் சென்றது. அவர்கள் 1989ல் அதனை இடித்தனர். தேவாலயத்தில் தோன்றிய இசையின் வீட்டைத் தேவாலயமே இடித்த விந்தை அது. பல ஆண்டுகள் வெற்றுமனையாகக் கிடந்த அவ்விடத்தில் 2003ஆம் ஆண்டு ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. பழைய கூடத்தைப் போலவே கட்டியவர்கள், பணமின்மையால் அன்று சமன்செய்யாமல் விட்ட சரிவுத் தரையை, இம்முறை பணம் செலவிட்டுச் சரிவாகவே அமைத்தனர். அதனை அடுத்துள்ள இசைக் கழகத்தில் அவ்வட்டாரத்துப் பள்ளிப்பிள்ளைகள் அப்பாடல்களை வாசிக்கப் பயில்கின்றனர்.