கூந்தல் மணமும் கூடல் வழக்கும்

திருநகரை அடுத்து நிற்கிறது திருப்பரங்குன்றம். அக்குன்றின் குகையொன்றில் பூதத்தால் அடைபட்டுக் கிடந்த நக்கீரர், திருமுருகாற்றுப்படை பாடி விடுதலை பெற்றார் என்பது வழிவழியாக வழங்கும் கதை. அவரையே மதுரைச் சங்கத்தில் இறைவனோடு வழக்காட வைத்தது மற்றொரு கதை. பெண்டிர் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்பதே அவ்வழக்கு.

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில், வேனிற் சோலையில் தேவியோடு உலவிய பாண்டியனுக்கு இந்த ஐயம் எழுகிறது. அவன் பெயர் செண்பகமாறன். பூவின் பெயரைத் தாங்கிய மன்னனுக்குப் பூ மணத்தைப் பற்றி ஐயம் வந்தது பொருத்தமே. தருமி கொணர்ந்த பாடலில் நக்கீரர் குற்றம் காண்கிறார். மானிட மகளிர் கூந்தல் மலர்களால் மணக்கிறது. தேவ மகளிர் கூந்தல் மந்தாரத்தால் மணக்கிறது. காளத்தி ஞானப்பூங்கோதையின் கூந்தலும் அவ்வாறே என்று சாதிக்கிறார். 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ திரைப்படத்திற்குப் பின்னர், தருமி என்றதும் நாகேஷின் முகமே தமிழர் கண்முன் வருகிறது. வழக்கின் பொருளைவிடப் பொற்கிழிக்கான அவருடைய தவிப்பே நெஞ்சில் நிலைத்துவிட்டது.

வழக்கிற்கு மூலமான பாடல் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு. பாடியவர் பெயர் இறையனார். அங்கே அரசனும் இல்லை, அவையும் இல்லை. நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலினும் மணமுடையது உண்டோ என்று தலைவன் தும்பியிடம் கேட்கிறான், அவ்வளவே. காதலன் தன் காதலியைப் பாராட்டிக் கேட்ட வினா அது. ஏழாம் நூற்றாண்டின் அப்பர், திருப்புத்தூர்த் திருத்தாண்டகத்தில் தருமிக்குப் பொற்கிழி அருளிய செய்தியைச் சொல்கிறார். ஆனால் கூந்தல் வழக்கைப் பற்றி அவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை. வழக்கு பின்னர் வளர்ந்தது என்று கருத இது இடம் தருகிறது.

புராணக் கதையில் தோற்றவர் நக்கீரர். வரலாற்றைச் சான்றாக அழைத்தால் தீர்ப்பு அவர் பக்கமே சாயும். அச்சான்று வேறெங்கும் இல்லை, நக்கீரர் பெயரால் வழங்கும் நெடுநல்வாடையிலேயே இருக்கிறது. (ஆற்றுப்படை பாடியவரும் வாடை பாடியவரும் ஒருவரல்லர் என்பார் உளர், அது தனி ஆராய்ச்சி.) கூதிர்க் காலத்தில் மகளிர் மாலை சூடுவதை விட்டுச் சில மலர்களை மட்டும் முடிக்கின்றனர். தகர விறகில் நெருப்பு மூட்டி, அகிலோடு வெள்ளிய அயிரையும் இட்டுப் புகைக்கின்றனர். பூ அருகிய பருவத்தில் புகையே கூந்தலுக்கு மணம் தருகிறது. இதைப் பாடியவருக்குக் கூந்தல் மணம் எங்கிருந்து வருகிறது என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அகில் மரத்திற்கும் இயற்கை மணம் இல்லை என்பது வியப்புக்குரியது. நோயற்ற மரம் வெறும் மரமே. பூஞ்சை பற்றிய வைரத்தில் மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே புகையில் மணக்கிறது. தொண்டிக்கு மரக்கலங்களில் வந்த அகிலும் ஆரமும் கருப்பூரமும் கீழ்க்காற்றோடு கூடலுக்குள் மணந்து புகுந்ததாகச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை சொல்கிறது. மதுரைக்காஞ்சி காட்டும் அங்காடித் தெருவில் பூமாலை விற்போர் அருகே, பலர் கூடி இடித்த மணச்சுண்ணம் விற்போரும் நிற்கின்றனர். கூடலில் மணம் ஒரு தொழில். பலர் கை வருந்திய தொழில்.

அத்தொழிலின் உச்சத்தைக் காணப் புகார் நகருக்குச் செல்ல வேண்டும். கடலாடு காதையில், ஊடிய கோவலனை மகிழ்விக்க மாதவி ஒப்பனை செய்துகொள்கிறாள். பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஆகியவை ஊறிய நீரில் கூந்தலை ஆட்டுகிறாள். கணக்கிட்டால் 47 பொருள்கள். பின் புகையில் உலர்த்தி, பகுதி பகுதியாகப் பிரித்து, கத்தூரிக் குழம்பை ஊட்டுகிறாள். அடியார்க்கு நல்லார் தம் உரையில் அப்பொருள்களுக்குப் பட்டியலே தருகிறார். வடபுலத்திலும் இக்கலை இருந்தது. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் மணக்கூட்டுக்கென ஓர் அத்தியாயம் வகுத்து, செண்பக மணமுள்ள தைலத்திற்கும் முறை சொல்கிறார்.

இன்று கூந்தலுக்கென்றே வடித்த பூமணம் சிறு புட்டிகளில் விற்பனையாகிறது. ஆல்கஹால் மிகுந்த பிற வாசனை நீர் முடியை உலர்த்தும் என்பதால் இதற்குத் தனிக் கலவை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, பறித்த பின்னும் விரிந்து மணம் பரப்பும் இயல்புடையது. கொதிநீராவியில் அம்மணம் கெடுவதால், ஹெக்சேன் போன்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து மெழுகு போன்ற பொருளாகப் பிரித்து, அதிலிருந்து சாரம் எடுக்கின்றனர். மாதவியின் பணிமகளிர் செய்ததை இப்போது ஆலை செய்கிறது.

ஆயினும் வழக்கில் கேட்கப்படாத வினா ஒன்று உண்டு. மணம் செயற்கையானால், அதைச் செய்யவும் மறுக்கவும் பிறரால் இயலும். நெடுநல்வாடையின் அரசி, கணவன் பாசறையில் இருக்க, நெற்றியில் உலர்ந்த கூந்தலோடு கிடக்கிறாள். மதுரைக்காஞ்சியின் தலைவனான தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் மீது கல்லாடனார் பாடிய புறநானூற்று 25ஆம் பாட்டு இன்னும் கடுமையானது. போரில் வீழ்ந்தவர்களின் மனைவியர் தம் கூந்தலைக் கொய்வதைக் கண்ட பின்னரே மன்னனின் வேல் ஓய்கிறது. கைம்மையின் அடையாளமாகக் கூந்தலைக் களைவதை 250ஆம் பாட்டும் காட்டுகிறது. கோடி வீரரை வென்றவனைத் தடுத்தது, இனி அகில் ஏறாத, பூ ஏறாத அந்தத் தலைகள்தாம்.

மழித்தல் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பூ விலக்கு அவ்வளவு எளிதில் மறையவில்லை. மாலையில் கடைவீதிகளில் மல்லிகை தொடுத்து முழம் போட்டு விற்கும் முதிய பெண்களில் கைம்பெண்களும் உண்டு. நாள் முழுவதும் அரும்போடு பழகிய விரல்கள் மணக்கும். தலையில் ஒரு பூ இருக்காது.