ஆதித்த கரிகாலன் கொலையும் உடையார்குடிக் கல்வெட்டும்

சோழ இளவரசன் இரண்டாம் ஆதித்தன் என்னும் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான் என்பதும், கொன்றவர்கள் யார் என்பதும் இருபதாம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. இச்செய்தியைத் தருவது அரசவைப் புலவர் பாடிய மெய்க்கீர்த்தியோ, கொலையை விசாரித்த தீர்ப்போ அன்று. பறிமுதல் செய்யப்பட்ட நிலம் கைமாறியதைப் பதிவு செய்த கல்வெட்டு ஒன்றாகும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டியுள்ள உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் அது உள்ளது.

அரியணைச் சூழல்

முதலாம் பராந்தகனுக்குப் பின் சோழ அரியணை ஒரே கிளையில் நிலைக்கவில்லை. அவனுடைய மூத்த மகன் இராசாதித்தன் 949இல் தக்கோலப் போரில் வீழ்ந்தான். அடுத்து ஆண்ட கண்டராதித்தன் மறைந்தபோது அவன் மகன் மதுராந்தகன் சிறுவனாக இருந்தான் என்பது பொதுவான கருத்து. ஆட்சி தம்பி அரிஞ்சயனுக்கும், பின்னர் அவன் மகன் சுந்தர சோழனுக்கும் சென்றது. சுந்தர சோழனின் மக்கள் ஆதித்தன், குந்தவை, அருண்மொழி ஆகியோர்.

மூத்தவனான ஆதித்தன் வீரபாண்டியனை வென்று, ‘பாண்டியன் தலைகொண்ட’ என்ற அடைமொழியோடு தன் பெயரிலேயே கல்வெட்டுகள் பொறித்தான். ஏறத்தாழ 969இல் அவன் வாழ்வு முடிந்தது. காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்த சுந்தர சோழனுக்குப் பின் மதுராந்தகனே உத்தம சோழனாக முடிசூடினான். அருண்மொழி இராசராசனாக அரியணை ஏறியது 985இல்.

செப்பேடுகளின் மௌனம்

1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முதலாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. 31 ஏடுகள் கொண்ட இத்தொகுதியின் வடமொழிப் பகுதி ஆதித்தனின் வெற்றியைப் புகழ்கிறது. அவன் முடிவையோ விண்ணுலகைக் காணச் சென்றான் என்று மங்கலமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறது. குடிமக்கள் அருண்மொழியை அரசேற்குமாறு வேண்டியதையும், சிற்றப்பன் மதுராந்தகன் நாடாள விரும்பும்வரை தான் அதை விரும்பேன் என்று அவன் ஒதுங்கியதையும் அது கூறுகிறது. குலப்பெருமை சொல்ல எழுந்த ஆவணத்தில் கொலைச் செய்தி இடம்பெறவில்லை.

உடையார்குடிப் பதிவு

உடையார்குடிக் கல்வெட்டைக் கல்வெட்டுத் துறை 1920இல் பதிவு செய்தது; பின்னர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அதை ஆராய்ந்து எழுதினார். அவ்வூர் அன்று வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். பராந்தகனின் சிறப்புப் பெயர் தாங்கிய அந்தப் பிராமண ஊரின் அருகிலுள்ள ஏரியே இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம்.

அரசன் அவ்வூர்ச் சபைக்கு அனுப்பிய ஆணை கல்வெட்டில் எடுத்துரைக்கப்படுகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகிய உடன்பிறந்தோர் குறிக்கப்படுகின்றனர். மலையனூரானான ரேவதாச கிரமவித்தனின் பெயரும் வருகிறது. இவர்களின் சொத்துகளோடு மக்கள், மனைவியர், பெண் கொடுத்த மாமன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தோர் ஆகியோரின் உடைமைகளும் பறிமுதலுக்கு உள்ளாயின. அப்படி வந்த நிலத்தை ஒருவர் பொன் கொடுத்து வாங்கி, கோயிலில் பிராமணர்க்கு உணவளிக்கும் அறத்துக்கு வழங்கினார். கல்வெட்டு பொறிக்கப்பட்டதன் நோக்கம் இந்த அறமே.

காலமும் கருத்து வேறுபாடும்

கல்வெட்டில் காலக்குறிப்பு ‘ராஜகேசரி’யின் 2ஆம் ஆண்டு என்றே உள்ளது, மன்னனின் இயற்பெயர் இல்லை. சோழர் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறிமாறிச் சூடினர். உத்தம சோழன் பரகேசரி. சுந்தர சோழன் இராசகேசரியே ஆயினும் அவனது 2ஆம் ஆண்டில் ஆதித்தன் உயிரோடிருந்தான். எஞ்சுபவன் இராசராசன், எனவே கல்வெட்டின் காலம் ஏறத்தாழ 987.

கொலைக்கும் இக்கல்வெட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 18 ஆண்டுகள். அதில் பெரும்பகுதி உத்தம சோழனின் ஆட்சிக்காலம். அவன் நடவடிக்கை எடுக்காததாலேயே வழக்கு இராசராசன் காலம்வரை நீண்டது என்று கொண்ட நீலகண்ட சாஸ்திரி, சதியில் அவனுக்குப் பங்கில்லை என்று விடுவிக்க இயலாது எனக் கருதினார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் இதை மறுத்தார். உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவி இராசராசன் காலத்திலும் போற்றப்பட்டார். அவன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனிடம் உயர் பொறுப்பில் இருந்தான். அண்ணனைக் கொல்வித்தவனின் குடும்பத்துக்கு இத்தகைய நிலை கிடைத்திருக்குமா என்பது மறுப்பின் அடிப்படை.

கல்வெட்டு நில விற்பனையைச் சொல்வதால், பறிமுதல் அதற்கு முன்பே நிகழ்ந்தது தெளிவு. ஆகவே 987 என்பது தண்டனை தொடங்கிய ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. சொத்து கைமாறிய காலமாக மட்டுமே இருக்கலாம். இப்படிக் கொண்டால் 18 ஆண்டு தாமதத்தை வைத்து உத்தம சோழன் மீது எழுப்பப்பட்ட ஐயம் வலுவிழக்கிறது.

வீரபாண்டியனுக்காகப் பழிதீர்த்த கொலை என்ற விளக்கம் ‘பஞ்சவன்’ என்ற சொல்லைச் சான்று காட்டுகிறது; அது பாண்டியரைக் குறிக்கும் பெயர். ஆனால் இராசராசனின் தேவி ஒருத்திக்கும் பஞ்சவன் மாதேவி என்றே பெயர். பிரமாதிராசன் என்பது பிராமண அதிகாரிகளுக்கு அரசர் அளித்த பட்டம். பரமேசுவரனின் பட்டத்திலோ சோழர் பெயரே உள்ளது. பட்டங்கள் இவர்கள் அரசுப் பணியாளர் என்பதைக் காட்டுகின்றனவே தவிர, எவர் பக்கம் நின்றனர் என்பதை உறுதிசெய்யவில்லை.

கதையும் சான்றும்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ரவிதாசன் முதலிய பெயர்களை இக்கல்வெட்டிலிருந்தே பெற்றது. கடம்பூர் மாளிகையில் கொலை நிகழ்வதும் அதில் நந்தினி என்ற பாத்திரத்தின் பங்கும் நாவலாசிரியரின் புனைவுகள். கல்வெட்டு உறுதிப்படுத்துவன மூன்று: ஆதித்தன் கொல்லப்பட்டான்; அரசு துரோகிகளாகக் கருதியவர்களின் பெயர்கள்; அவர்களும் உறவினரும் உடைமை இழந்தனர் என்பது. கொலை நடந்த இடம், முறை, தூண்டியவர் ஆகியவை அதில் இல்லை.