நூறு தேசங்கள்

என் நண்பர் ஒருவர் வீட்டு மாடி அறையில் சுவரே தெரியாது. தபால் கார்டுகள்தாம் தெரியும். சர்க்கார் லைசென்ஸ் பெற்று, சொந்தமாக ரேடியோக் கருவி வைத்துக்கொண்டு உலகத்தோடு பேசுகிற கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். பேச்சு என்றால் பிரமாதமாக ஒன்றும் இல்லை. தமக்குரிய அடையாள எழுத்துக்களைச் சொல்வார்கள். "ஐந்து, ஒன்பது" என்பார்கள். உங்கள் குரல் தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்று அர்த்தம். சில விநாடிகளில் காரியம் முடிந்துவிடும். பிறகு அத்தாட்சியாக ஒரு கார்டு வரும். நூறு தேசத்துக் கார்டுகள் சேர்ந்தால் அமெரிக்க ரேடியோ ரிலே லீக் ஒரு விருதுப் பத்திரம் அளிக்கும்.

பூ, இவ்வளவுதானா என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால், தேசம் என்றால் எது? வம்பெல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

1935-ல் லீக்கின் பத்திரிகையில் கிளின்டன் டிசோட்டோ என்பவர் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். பூகோள ரீதியிலோ, அரசியல் ரீதியிலோ தனித்து நிற்கிற இடம் எதுவானாலும் அது ஒரு தேசம். 1937-ல் அதை ஒட்டி விருதும் ஏற்பட்டது. அப்புறம் கேட்பானேன்! மனித வாசனையே இல்லாத தீவும் தேசமாகிவிட்டது. நண்டும் கடற்பறவையும் குடியிருக்கும் கிளிப்பர்ட்டன் தீவுக்கு 1954-ல் கருவிகளைக் கட்டிக்கொண்டு ஒரு கோஷ்டி போய்ச் சேர்ந்தது. பேச ஆள் இல்லாத தீவு. ஆகவே பேசுகிற ஆளையும் கப்பலேற்றிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 1983 ஏப்ரலில் நடந்தது சிரிக்கிற விஷயமல்ல. ஜெர்மானிய அன்பர்கள் சிலர் ஒரு பாய்மரப் படகில் தென்சீனக் கடலின் ஸ்ப்ராட்லி தீவுகளை நாடிச் சென்றார்கள். பல அரசாங்கங்கள் உரிமை கொண்டாடும் தீவுகள் அவை. ஒரு திட்டை நெருங்கியபோது அங்கிருந்த வியட்நாம் சிப்பாய்கள் சுட்டார்கள். படகு தீப்பற்றியது. ஒருவர் அங்கேயே மாண்டார். மிஞ்சியவர்கள் சிறு தோணியில், குடிக்கத் தண்ணீரின்றி ஏறக்குறையப் பத்து நாள் மிதந்தார்கள். ஒரு கப்பல் அவர்களைக் கண்டெடுப்பதற்குள் இன்னொருவரும் போய்விட்டார். ஒரு கார்டுக்காக இரண்டு உயிர்!

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தமானைப் பற்றிச் சொன்னார்.

விருதுக் கணக்கில் அந்தமானும் ஒரு தனித் தேசம். வெகுகாலம் அங்கே யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. 2004 டிசம்பரில் ஹைதராபாத்திலிருந்து ஒரு குழு அனுமதி பெற்றுப் போர்ட் பிளேரில் கருவிகளை நிறுவியது. உலகமே முண்டியடித்துக்கொண்டு கூப்பிட்டது. நண்பரும் இரண்டு இரவு தொண்டை கட்டக் கத்தி, கடைசியில் தம் "ஐந்து, ஒன்பதை" வாங்கிவிட்டார். 26-ஆம் தேதி காலையில் நிலம் நடுங்கியது. கடல் பொங்கி வந்தது. தந்தியும் டெலிபோனும் அற்றுப்போன தீவிலிருந்து, விருதுக்காகப் போன அதே கருவிகள் யார் யார் உயிரோடிருக்கிறார்கள் என்ற செய்தியைக் கரைக்கு அனுப்பத் தொடங்கின.

அப்படிப்பட்ட சமயத்தில் அந்த அலைவரிசையில் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. நண்பர் மூன்று நாள் காதில் குழாயை மாட்டிக்கொண்டு, பேசாமல் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.