இணையத்தின் மிகப் புதிரான பாடல்

இணையத்தின் மிகப் புதிரான பாடல் என்பது, பாடியவர் எவர், தலைப்பு யாது என்பது தெரியாமல் 2007 முதல் 2024 வரை பல நாட்டவர் இணையத்தின் வழியாகத் தேடிய ஒரு ராக் பாடலுக்கு வழங்கப்பட்ட பெயராகும். இது ஜெர்மனியின் கீல் நகரைச் சேர்ந்த ஃபெக்ஸ் என்னும் இசைக்குழுவின் "சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்" என்ற ஆங்கிலப் பாடல் என்பது 2024 நவம்பரில் கண்டறியப்பட்டது.

பின்னணி

1980களின் முற்பகுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த பதின்ம வயதினர் ஒருவர், என்டிஆர் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வட ஜெர்மன் வானொலியின் பாடல்களை ஒலிநாடாவில் பதிவு செய்து வந்தார். பாடல் மட்டும் தெளிவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக அறிவிப்பாளர் பேசும் இடங்களைப் பதியாமல் விட்டார். வானொலியிலிருந்து பாடல் பதிந்த பலரும் அந்நாளில் செய்ததுதான் இது. ஆனால் குழுவின் பெயரும் பாடலின் பெயரும் அந்தப் பேச்சோடு போய்விட்டன. 2007இல் அவருடைய சகோதரி பாடலின் ஒரு பகுதியை இணையத்தில் இட்டு, இதனை அறிந்தவர் உண்டா என வினவினார். பன்னிரண்டு ஆண்டுகள் விடை வரவில்லை. 2019இல் பிரேசில் நாட்டு இளைஞர் ஒருவர் இதனை மீண்டும் பரப்பிய பின்னரே தேடல் பெரிதாயிற்று.

மென்பொருளின் எல்லை

ஷசாம் போன்ற மென்பொருள்கள் ஓர் ஒலித்துண்டின் அதிர்வெண்களில் மேலோங்கி நிற்கும் புள்ளிகளை எடுத்து, அவற்றின் அமைப்பைத் தமது தரவுத்தளத்தில் உள்ள பாடல்களோடு ஒப்பிடுகின்றன. தரவுத்தளத்தில் இல்லாத பாடலை அவற்றால் கண்டறிய இயலாது. இப்பாடலோ அக்காலத்தில் இசைத்தட்டாக விற்பனைக்கு வரவே இல்லை. எனவே எவ்வளவு தெளிவான பதிவு கிடைத்திருந்தாலும் இவ்வழியில் பயன் இருந்திருக்காது.

தேடல்

தேடியவர்கள் பாடலை விடுத்து அதன் சூழலை ஆராயத் தொடங்கினர். பதிவின் அலைமாலையில் 10 கிலோஹெர்ட்சு அளவில் ஒரு மெல்லிய கோடு தென்பட்டது. அக்கால என்டிஆர் ஒலிபரப்புகளிலும் அதே கோடு இருந்ததால் வானொலி நிலையம் எது என்பது உறுதியாயிற்று. பாடலில் ஒலிப்பது 1983இல் விற்பனைக்கு வந்த யமஹா டிஎக்ஸ்7 மின்னிசைக் கருவி என்று கருதியோர், பாடலின் காலத்தை அதற்குப் பின் வைத்தனர். பாடகரின் உச்சரிப்பைக் கொண்டு அவருடைய நாட்டை ஊகித்தவர்களும் பலர். இவ்வூகங்களால் பெரும்பாலும் காலமே வீணாயிற்று. கிரேக்கம், ஆஸ்திரியா முதலிய நாடுகளின் இசைக்குழுக்கள்கூட ஐயத்திற்கு உள்ளாயின. அந்நாளில் என்டிஆரில் புதிய இசையை அறிமுகம் செய்து வந்த பால் பாஸ்கர்வில் என்ற அறிவிப்பாளராலும் குழுவின் பெயரை நினைவுகூர இயலவில்லை.

கண்டறிதல்

விடை பழைய செய்தித்தாள்களில் இருந்தது. தேடலில் ஈடுபட்ட ஒருவர் 1980களின் வட ஜெர்மன் உள்ளூர் இசைக்குழுக்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, அவற்றின் உறுப்பினர்களைத் தொடர்பு கொண்டு வந்தார். அவ்வழியில் ஃபெக்ஸ் குழுவின் விசைப்பலகைக் கலைஞரை அடைந்தபோது, அவரிடமிருந்த குழுவின் பதிவுகளில் இப்பாடலும் இருந்தது. 2024 நவம்பர் 4 அன்று இது வெளியிடப்பட்டது. தங்கள் பாடலை இத்தனை பேர் தேடி வந்தது குழுவினருக்கு அதுவரை தெரியாது.

இதையொத்த தேடல்

2021இல் 17 விநாடி நீளமுள்ள ஒரு பாடல் துண்டு இணையத்தில் இடப்பட்டது. தெளிவற்ற அத்துண்டில் கேட்டதாகக் கருதப்பட்ட சொற்களைக் கொண்டு "எவ்ரிஒன் நோஸ் தட்" என்று அதற்குப் பெயரிட்டுத் தேடினர். 2024 ஏப்ரலில், அது 1986ஆம் ஆண்டு வெளியான, வயது வந்தோருக்கான ஒரு திரைப்படத்தின் பின்னணியில் ஒலித்த "அல்டீரியர் மோடிவ்ஸ்" என்ற பாடல் எனத் தெரியவந்தது. அதனை உருவாக்கியவர்கள் கிறிஸ்டோபர் செயிண்ட் பூத், பிலிப் ஏட்ரியன் பூத் என்னும் சகோதரர்கள். இதுவும் அக்காலத்தில் இசைத்தட்டாக வெளிவரவில்லை.