ஈறு நோயும் மலையகம் தந்த சான்றும்



புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டங்களாயினும் சரி, நுவரெலியாத் தோட்டங்களாயினும் சரி, நாற்பது வயதிலேயே ஒருவருக்குப் பல் ஆடி விழுந்தால் மக்கள் இருவிதமாகப் பேசிக்கொள்வதுண்டு. "தகப்பனுக்கும் இப்படித்தான், பரம்பரை வாகு" என்பது ஒன்று. "வாயைத் துப்புரவாக வைத்துக்கொள்ளவில்லை" என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எது மெய்? இவ்வினாவுக்கு உலக மருத்துவம் விடை தேடிய இடங்களுள் தலையாயது நம் மலையகமே என்பதைப் பலர் அறியார்.

நோர்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோ, 1965ஆம் ஆண்டில் டென்மார்க்கில் ஒரு சோதனை நடத்தினார். நல்ல ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவர்க்கும் ஈறு சிவந்து வீங்கிற்று. மீண்டும் துலக்கியதும் வீக்கம் தணிந்தது. பல்லில் படியும் கிருமிப் படலமே ஈறு அழற்சிக்குக் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று.

அங்ஙனமாயின், ஆண்டுக்கணக்காகப் பல் துலக்காதவர் அனைவரும் பல்லை இழப்பரோ? இதனை அறிய, 1970ஆம் ஆண்டில் டன்சினன், ஹரோ தோட்டங்களைச் சேர்ந்த 480 தமிழ் ஆண் தொழிலாளரை லோவும் அவர்தம் குழுவினரும் ஆராயத் தொடங்கினர். தூரிகையால் பல் துலக்கும் வழக்கமோ, பல் மருத்துவ வசதியோ அவர்களுக்கு இருக்கவில்லை. எல்லோர் பல்லிலும் அழுக்கும் காறையும் படிந்திருந்தன. எல்லோர் ஈறும் அழன்றிருந்தது.

ஆயினும் முடிவு ஒன்றாக இருக்கவில்லை. 1986இல் வெளியான கணக்குப்படி, 100க்கு 8 பேரிடம் நோய் விரைந்து பரவியது. 81 பேரிடம் மெல்ல முன்னேறியது. 11 பேரிடம் ஈறு அழற்சிக்கு அப்பால் செல்லவேயில்லை. 35 வயதளவில் பல்லைப் பற்றி நிற்கும் பிடிப்பு, முதற் பிரிவினர்க்கு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் குறைந்திருந்தது. இடைப் பிரிவினர்க்கு 4 மில்லிமீற்றர். கடைப் பிரிவினர்க்கு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை.

அழுக்கு ஒன்றே, விளைவு மூன்று. கிருமி தீ மூட்டுகிறது. அத்தீ எலும்பு வரை செல்வதும் செல்லாததும் உடலின் எதிர்ப்பு முறையைப் பொறுத்தது. அம்முறையில் மரபணுக்களுக்குப் பங்குண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 117 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தபோது, முற்றிய ஈறு நோயில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி பரம்பரையால் வருவது எனக் கண்டனர். வெறும் ஈறு அழற்சியிலோ பரம்பரையின் பங்கு புலப்படவில்லை. ஆகவே, ஊரார் கூறும் இரண்டும் மெய். தனித்தனியே எடுத்தால் இரண்டும் அரைமெய்.

இதனால் நாம் கொள்ளத்தக்கது யாது? பெற்றோர் இளமையிலேயே பல்லிழந்திருந்தால், "நம் விதி" என்று பிள்ளைகள் வாளாவிருத்தல் ஆகாது. பரம்பரையை மாற்ற இயலாது. அழுக்கை அகற்ற இயலும். எளிதில் நோய்க்கு ஆளாகும் உடம்புடையோர்க்கே துலக்குதலும், காறை நீக்குதலும், புகையிலையை விலக்குதலும் பிறரினும் இன்றியமையாதவை. ஈற்றில் இரத்தம் கசிதலே முதல் எச்சரிக்கை. வலி வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

2010இல் மீண்டும் தேடியபோது, அந்த 480 பேரில் 75 பேரையே பரிசோதிக்க முடிந்தது. பல் மருத்துவம் பயிலும் மாணவர் உலகெங்கும் இவ்வாய்வைக் கற்கின்றனர். கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் நிறைந்த தோட்டங்களிலே வாழ்ந்து, தம் வாயையே ஏடாகத் திறந்து காட்டிய அம்மனிதரின் பெயர்கள் அப்பாடத்தில் இல்லை. அவர்தம் பற்கள் கற்பித்ததை அவர்தம் பேரப்பிள்ளைகள் லயங்களிலும் பயன்கொள்ளச் செய்வதே நாம் அவர்க்குப் பட்ட கடன்.