பயாப்சி ஊதா பிறந்த கதை

நோய்க்குறியியல் ஆய்வகம் ஒன்றில் ஒரு பிற்பகல் நின்று பார்த்தேன். மெழுகில் பதித்த சதைத் துணுக்கை, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டியிருந்தார்கள். ஸ்லைடில் எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. ஹெமடாக்சிலின் தொட்டியில் சில நிமிடம் வைத்து எடுத்தபோது செம்மை கலந்த ஊதாவில் ஒரு திட்டு தெரிந்தது. குழாய்த் தண்ணீரில் காட்டியதும் அந்தச் செம்மை என் கண்ணெதிரே மெல்ல விலகி, நீலம் ஏறியது. அடுத்து இயோசினில் ஒரு முக்கு. இப்போது உயிரணுக்களின் உட்கருக்கள் மட்டும் கருநீலம், சுற்றியிருப்பதெல்லாம் இளஞ்சிவப்பு. உட்கரு பருத்திருக்கிறதா, உருக்கோணியிருக்கிறதா, அளவுக்கு மீறிக் கறுத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர் ‘புற்று’ என்றோ ‘இல்லை’ என்றோ எழுதுகிறார்.

அந்த நீலம் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து வருகிறது.

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்திலும் அதை அடுத்த பெலிஸ், குவாத்தமாலா சதுப்புகளிலும் வளரும் மரம் அது. ஆங்கிலத்தில் லாக்வுட். நம் புளியும் புங்கனும் சேர்ந்த அவரைக் குடும்பம்தான் அதற்கும். வெளிமரத்தைச் செதுக்கித் தள்ளினால், உள்ளே செக்கச் சிவந்த வைரம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் கனம். கிரேக்க மொழியில் ‘இரத்தம்’, ‘மரம்’ என்ற இரு சொற்களைச் சேர்த்தே அதற்குத் தாவரவியல் பெயர் வைத்தார்கள். மாயா மக்கள் அதில் துணிக்குச் சாயம் போட்டார்கள். அதன் துவர்ப்பு குடலைக் கட்டும் என்பதால், கட்டையைக் கொதிக்கவைத்த கஷாயம் வயிற்றுப்போக்குக்கும் சீதபேதிக்கும் மருந்தாயிற்று. பின்னாளில் பிரிட்டிஷ் மருந்து நூலிலேயே அதன் சாறு இடம்பெற்றது.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை யுகடானின் காம்பெச்சே துறையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். இங்கிலாந்தில் அதற்குக் கெட்ட பெயர்தான் கிடைத்தது. தோய்த்த அன்று பளபளத்த துணி, வெயிலிலும் சலவையிலும் வெளுத்துப்போனது. 1581-இல் நாடாளுமன்றம் லாக்வுட்டைத் தடைசெய்து, பிடிபடும் கட்டையை எரிக்கவும் சட்டம் போட்டது.

சாயக்காரர்கள் மரத்தைக் கைவிடவில்லை. படிகாரத்தையும் இரும்பு உப்பையும் கொண்டு சாயத்தை நூலோடு பிணைக்கும் பக்குவத்தைக் கைவரப்பெற்றார்கள். உலோக உப்பு ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. படிகாரம் சேர்ந்தால் ஊதா, இரும்பு சேர்ந்தால் நல்ல கறுப்பு. 1662-இல் தடை நீங்கியது.

பிறகு அந்தச் சதுப்புகளில் கோடரிச் சத்தம் ஓயவில்லை. 1676-இல் அங்கே மரம் வெட்டப் போன வில்லியம் டாம்பியர், பின்னாளில் உலகை மூன்று முறை சுற்றிவந்த மாலுமி. மழைக்காலத்தில் வெட்டுக்காரர்கள் படுக்கையிலிருந்து இறங்கினால் இரண்டடித் தண்ணீரில்தான் கால் வைப்பார்கள், நாள் முழுக்க அதிலேயே நின்று வேலை செய்வார்கள் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் அந்தத் தண்ணீரில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களை இறக்கினார்கள். பெலிஸ் பக்கத்து வெட்டுக்காரர்களின் குடியிருப்புகளே வளர்ந்து பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் ஆகி, 1981-இல் பெலிஸ் என்ற தனி நாடாகின. ஒரு சாயக்கட்டையைத் தேடிப் போன வழியில் ஒரு நாடு பிறந்திருக்கிறது.

துணியிலிருந்து சதைக்கு அந்தச் சாயம் தாவியது ஜெர்மனியில். 1863-இல் உடற்கூறியலாளர் வால்டேயர் லாக்வுட் சாற்றை உடல் திசுவில் போட்டுப் பார்த்தார்; சரியாகப் பிடிக்கவில்லை. இங்கிலாந்துத் துணிக்கு நேர்ந்த அதே கதி. இரண்டே ஆண்டில், 1865-இல், போமர் என்பவர் அதில் படிகாரத்தைச் சேர்த்தார். உட்கரு சாயத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. சாயப்பட்டறையின் கைப்பக்குவம் அப்படியே ஆய்வகத்துக்குள் வந்துவிட்டது. 1876-இல் இயோசினும் துணை சேர, இன்றைய இரட்டைச் சாயம் முழுமை பெற்றது. முதலில் முயன்ற வால்டேயர்தான் 1888-இல் ‘குரோமோசோம்’ என்ற சொல்லை உருவாக்கினார். ‘நிறம் ஏற்கும் உடல்’ என்பது அதன் பொருள்.

1856-க்குப் பின் வந்த செயற்கைச் சாயங்கள் அவுரியையும் மஞ்சிட்டியையும் சந்தையிலிருந்து விரட்டின. ஆனால் உட்கருவுக்கு இன்றும் ஹெமடாக்சிலின்தான். அதை மரத்திலிருந்து எடுப்பதுதான் கட்டுபடியாகிறது. 2008-இல் வரத்து குறைந்தபோது ஆய்வகங்கள் தவித்துப்போயின.

லாக்வுட்டின் நெருங்கிய உறவு நம்மிடமும் இருக்கிறது. கேரளத்து வீடுகளில் குடிதண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் பதிமுகம், நாம் சப்பங்கம் என்று சொல்லும் கட்டை. அதிலுள்ள பிரேசிலினுக்கும் ஹெமடாக்சிலினுக்கும் வேறுபாடு ஒரே ஒரு ஆக்சிஜன் அணு. பத்தமடையில் பாய்க்கோரைக்குச் சிவப்பேற்றியதும் அதுதான்.

ஆய்வகத்து அலமாரியில் அந்தச் சாயப்புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளடக்கப் பட்டியலில் ஹெமடாக்சிலினுக்குப் பக்கத்தில் அலுமினிய உப்பு என்று இருந்தது. நம் ஊர் முடிதிருத்தகத்தில் முகத்தில் தேய்த்துவிடும் அதே படிகாரத்தின் இனம். வெளியே பெஞ்சில், கையில் ரசீதோடு, முடிவுக்காக ஆட்கள் காத்திருந்தார்கள்.