தகரக் கூரையும் பனையோலையும்

நம்ம ஊர்ல ‘லவ் பேர்ட்ஸ்’னு விக்கிற பச்சைக் குருவிக்குப் பூர்வீகம் ஆஸ்திரேலியா. 1840-ல ஜான் கூல்ட் அதை உயிரோட இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஐரோப்பாவுல கூண்டுல பெருகி, பிறகு நம்ம சந்தைக்கும் வந்துச்சு.

வறண்ட நாட்டுப் பறவைதானே, வெயில் தாங்கும்னு நினைச்சேன். அங்கயே 1932 வெயில்ல ஆயிரக்கணக்குல செத்திருக்கு. காட்டுலயாவது நிழலும் தண்ணியும் தேடிப் பறக்கும். கூண்டுல எங்க போகும்? பறவைக்கு வேர்க்காது, வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை ஆத்திக்கும்.

போன சித்திரையில என் தகரக் கூரைக்கு அடியில ரெண்டு செத்துக் கிடந்துச்சு. என் தப்புதான். எங்கப்பா கோழிக்கூட்டுக்குக்கூட பனையோலைதான் வேய்வார்.

இப்ப தகரத்து மேல ஓலை, மேற்கால ஈரச் சாக்கு, உள்ள மண்சட்டித் தண்ணி. மதியம் தண்ணியை மாத்திடுவேன், சுட்டுப்போயிடும்.